பவுனின் இன்னொரு கரண்டிச் சட்னி

பவுன் சட்னியில் எதையோ கலந்தாளாம்! கலந்தாள்தான், யார் இல்லையென்றார்கள்? தண்ணீரைக் கலந்தாள். யாருக்காக? "பவுனக்கா, இன்னொரு கரண்டி ஊத்துனா கொறஞ்சா போயிருவே?" என்று தினமும் கிண்ணத்தை நீட்டிய இந்த லலிதாவுக்காகத்தான்.

பூனா கேம்பில், சர்ச்சுக்குப் பின்சந்தில், பதினாறு வருஷமாக இட்லிக் கூடை சுமந்தவள் பவுன். புருஷன் போனபின் அந்தக் கூடைதான் அவளுக்குச் சோறு. தொண்ணூற்றாறாம் வருஷ மழையில் சந்தில் ஒன்பது பேருக்கு வாந்திபேதி. "எல்லாம் பவுன் இட்லி" என்று லலிதா ஊதிவிட்டாள். கூடை கவிழ்ந்தது. நாலு நாள் பவுன் கதவே திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் தர்மாஸ்பத்திரி நர்ஸ் ஷபானா வந்து தட்டினாள்.

"ஆவியில வெந்த இட்லில கிருமி ஏதுக்கா? சட்னிக்குத் தண்ணி எங்க எடுத்தே?"

"எல்லாரும் பிடிக்கிற சந்துக் குழாயிலதாம்மா."

"அது சாக்கடைக்குள்ள ஒடஞ்சு கெடக்கு. உன் இட்லியே வாங்காத மூணு வீட்லயும் பேதி, தெரியுமா?"

பவுனுக்குப் போன உயிர் வந்தது. "கண்ணுக்கே தெரியாத பூச்சி, ஆளை எப்படிச் சாய்க்குது?"

"அது கொடலைக் கடிக்காது. சுவத்துல ஒட்டிக்கிட்டு விஷத்தைக் கக்கும். குழாயைத் திறந்துவிட்டாப்ல ஒடம்புத் தண்ணியும் உப்பும் கொடகொடன்னு எறங்கிடும். அந்த வறட்சிதான் ஆளைக் கொல்லும்."

"அடப்பாவி! காலைலேர்ந்து பக்கத்து வீட்டு லலிதா மக ரமாவுக்குப் பேதி, சுவர் வழியாக் கேக்குது. வயிறு காயட்டும்னு சொட்டுத் தண்ணி குடுக்கலியே அவ!"

ஷபானா சொல்லச் சொல்ல, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போட்டுப் பவுன் கலக்கினாள். சர்க்கரை துணைக்கு இருந்தால்தான் குடல் உப்பை உள்ளே இழுக்குமாம். தண்ணீர் அதன் பின்னாலேயே போகுமாம். சட்னித் தூக்கைப் பளபளவென்று தேய்த்து, வெந்நீர் விட்டு அலசி, அதில்தான் ஊற்றிக்கொண்டாள்.

லலிதா தன் வீட்டு வாசலை மறித்தாள். "உன் தூக்குலயா?"

"தள்ளுடி. சட்னிதான் கெட்டது, தூக்கு என்ன பண்ணுச்சு?"

ஷபானா தலையாட்ட, லலிதா விலகினாள். ரமா கரண்டி கரண்டியாகக் குடித்தாள். சாயங்காலம் கண் திறந்து, "இன்னொரு கரண்டி, அத்தே" என்றாள். அம்மா புத்தி! பவுனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள் காலை, பவுன் கூடையைத் தலையில் ஏற்றி வாசலைத் தாண்டினாள். கொதித்து ஆறிய தண்ணீரில் அரைத்த சட்னி கெட்டியாக இருந்தது. முதல் கிண்ணம் நீட்டியது லலிதாதான். ஒரே கரண்டிதான் கேட்டாள்.