ரயில் பலகைக்கு ஓரம்

கொடுத்த வாக்கை மீறுவது என் அப்பாவுக்குப் பிடிக்காது. அதனால் அவர் யாருக்கும் வாக்கே கொடுப்பதில்லை. அக்காவுக்கு மட்டும் ஒரு முறை வாய்தவறிக் கொடுத்துவிட்டார். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அவள், இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "பள்ளிக்கூடத்துக் கண்காட்சியில மொதப் பரிசு வாங்கிட்டு வா, சேத்து விடுதேன்" என்றார் அப்பா. வாங்கமாட்டாள் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

தூத்துக்குடியில் எங்களுக்கு ஹார்டுவேர் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அக்கா எங்கள் துறைமுகத்தையே செய்யத் தொடங்கினாள். தெர்மாகோல் பலகை மேல் தண்டவாளம், கிரேன், கலங்கரை விளக்கம், நிஜ உப்பிலேயே குவித்த உப்பு மேடுகள், நடுவே பேட்டரியில் ஓடும் ரயில். பல பள்ளிக்கூடங்கள் சேரும் அந்தக் கண்காட்சி வேறு ஊரில் நடக்கவிருந்தது. பலகையை ஆட்டோவிலும் பஸ்ஸிலும் ஏற்றி இறக்கியாக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். தெர்மாகோலின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் பொரி மாதிரி உதிர்ந்தது. தேக்கு ரீப்பர் சட்டத்தால் ஓரம் அடித்துப் பார்த்தாள். உறுதியாகத்தான் இருந்தது, ஆனால் தூக்க இரண்டு ஆம்பளை வேண்டியிருந்தது. அட்டை ஓரம் எங்கள் ஊர் உப்புக்காற்றில் நாலே நாளில் நமுத்துப்போனது. தகரப் பட்டி துருப்பிடித்ததோடு என் விரலையும் கிழித்தது. அலுமினிய ஆங்கிள் ஒரு தடவை கீழே விழுந்து மூலை நசுங்கியது, பிறகு நிமிரவே இல்லை. கடைசியில், எலக்ட்ரீஷியன்கள் வயரை மறைக்கச் சுவரில் அடிக்கும் பி.வி.சி. பட்டியைக் கடையிலிருந்து எடுத்து வந்தாள். அதன் பள்ளத்துக்குள் பலகையின் ஓரம் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. மூலையை ஒட்டுவதற்குப் பைப் பசையைத் தடவினாள். பசை தெர்மாகோலைக் கரைத்து, பக்கத்திலிருந்த கலங்கரை விளக்கத்தையும் சாய்த்துவிட்டது. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. மறுநாள் பசையே வேண்டாமென்று மூலைக்கு மூலை சின்னக் கட்டை வைத்துத் திருகாணி போட்டாள்.

ஒற்றை ஆளாகத் தூக்கி முற்றத்தைச் சுற்றி வந்தாள். ஒரு கல் உப்புகூடச் சிந்தவில்லை. அப்பா கடையிலிருந்து எழுந்து வந்து ஓரத்தைத் தட்டிப் பார்த்தார். "பரவால்லியேளா" என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மா, ஞாயிற்றுக்கிழமை சாத்தான்குளத்திலிருந்து சிலர் வருகிறார்கள், அக்காவைச் சும்மா பார்த்துவிட்டுப் போவார்கள் என்றாள். கண்காட்சி திங்கட்கிழமை.

சும்மா பார்க்க இரண்டு காரில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் மகனும் வந்திருந்தான். என் வயதுதான், எட்டு. பட்டுப்பாவாடை கட்டிய பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர்கள் காரில் ஏ.சி. உண்டென்று அவன் அலட்டிக்கொண்டான். எனக்குப் பொறுக்கவில்லை. கட்டிலுக்கடியில் அக்கா போர்வை போர்த்தி ஒளித்து வைத்திருந்த பலகையை வெளியே இழுத்து, ரயிலை ஓட்டிக் காட்டினேன். என் நாக்கை அறுத்திருக்கலாம்; "இது எங்க அக்கா செஞ்சது, உங்க வீட்ல இருக்கா?" என்று வேறு கேட்டேன்.

அவன் ரயில் வேண்டுமென்று தரையில் புரண்டு அழ ஆரம்பித்தான். பெண் பார்க்க வந்த இடத்தில் பிள்ளையை அழ வைத்து அனுப்பினால் காரியம் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். மாப்பிள்ளையின் அம்மா, "சின்னப்பய ஏதோ ஆசப்படுதான், விடுங்க அண்ணாச்சி" என்றாள். விடுகிற குரலில் சொல்லவில்லை.

"இதென்ன பெரிய காரியமா மதினி, எடுத்துட்டுப் போங்க" என்றார் அப்பா.

காபித் தட்டோடு நின்றிருந்த அக்கா, "நாளைக்குக் கண்காட்சிப்பா" என்றாள்.

"இன்னொண்ணு செஞ்சிக்கிடலாம்ளா" என்று அப்பா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவர் வாக்கு தவறாத மனிதராகவே தப்பித்துவிட்டார் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. பரிசு வாங்கியிருந்தால்தானே அவர் சேர்த்துவிட வேண்டும்.

வாசலில் மாப்பிள்ளையின் அம்மா, "கொண்டு போறதுக்குள்ள ஒடஞ்சிராதே?" என்று கேட்டாள்.

"ஒடையாது. ஓரத்தப் பிடிச்சே தூக்குங்க, நடுவுல கை வைக்காதீங்க" என்றாள் அக்கா. ஒரு பக்கத்தை நான்தான் பிடித்துக்கொண்டு போய்க் காரில் ஏற்றினேன்.

கார்கள் போனதும், தை மாதத்திலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ரயில் போனதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் பாவமாக இருந்தது. அவளைத் தேற்ற என்னிடம் ஒரு நல்ல சேதி இருந்தது.

அவள் காதருகே போய், "அழாதக்கா. நீயும் அந்த வீட்டுக்குத்தான போகப் போற. ரயிலு அங்கன உன்கிட்டயேதான் இருக்கும்" என்றேன்.

சட்டென்று எழுந்து என் கன்னத்தில் அறைந்தாள். அதுவரை என்னை ஒரு கிள்ளு கிள்ளியவள்கூட இல்லை. சந்தோஷமான விஷயத்தைத்தானே சொன்னேன், அதற்கு எதற்கு அடித்தாள் என்று கேட்டுக் கேட்டு நான் அழுதேன்.