எஸ்தரின் படங்களில் பெய்த மழை

நாக்கை மேலண்ணத்தில் விடாமல் தட்டி எஸ்தர் அந்தச் 'சடசட'ச் சத்தத்தை எழுப்பினாள் என்றால், பேருந்தில் சன்னலோரம் இருந்தவள்கூடத் தாவணித் தலைப்பைத் தோளோடு இழுத்துக்கொள்வாள். வெளியே ராஜபாளையத்து வெயில் காலை எட்டரைக்கே மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்; உள்ளே எங்கள் எல்லோர் மேலும் மழை பெய்துகொண்டிருக்கும்.

எண்பதுகளின் நடுவில் நான் பி.ஏ. முதலாண்டு சேர்ந்த வருடம் அது. கல்லூரி ஸ்ரீவில்லிபுத்தூரில். சங்கரன்கோவில் பக்கமிருந்து வரும் பேருந்தில் செட்டியார்பட்டியிலேயே ஏறி உட்கார்ந்துவிடும் எஸ்தர், சாப்பாட்டுப் பையை ஒரு இருக்கையிலும் நோட்டுகளை இன்னொன்றிலும் போட்டு எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். ராஜபாளையத்தில் நாங்கள் ஆறு பேர் ஏறுவோம். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற பெண்களுக்குப் பொழுதுபோக்கு என்று இருந்தவை வானொலிப் பாட்டு, கைமாறிக் கைமாறி அட்டை போன வாரப் பத்திரிகை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குடும்பத்தோடு ஒரு சினிமா, அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் 'படம் சொல்லுதல்' என்கிற வழக்கத்தால் ஈடுகட்டிக்கொண்டோம். யார் படம் பார்த்தார்களோ அவர்கள் மறுநாள் பார்க்காதவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். நடுவில் பாட்டு வந்தால் இரண்டு வரியாவது பாடவேண்டும். சண்டை வந்தால் 'டிஷ்யூம்' போடவேண்டும். கேட்கிறவர்கள் குறுக்கே பேசக்கூடாது.

இதில் என் திறமை சுமார்தான். எங்களில் வசதியானவளும் அடிக்கடி தியேட்டருக்குப் போகிறவளுமான ராஜலட்சுமி சொல்வதோ தந்தி மாதிரி இருக்கும். "ஒரு பண்ணையாரு. கெட்டவன். அவன் மக நல்லவ. கடைசியில பண்ணையாரு செத்துருவான்" என்று அடுத்த நிறுத்தம் வருவதற்குள் ஆளையே முடித்துவிடுவாள். எஸ்தர் அப்படியில்லை. அவள் சொல்லத் தொடங்கினால் ஒரு கதவு திறப்பதற்கே மம்சாபுரம் விலக்கு வந்துவிடும். கதவின் கிரீச்சொலி, உள்ளே வரும் ஆளின் செருப்புச் சத்தம், அவன் மூச்சு வாங்குவது, அவள் அழாமல் இருக்கத் தொண்டையைச் செருமிக்கொள்வது, எல்லாம் அவள் வாயிலிருந்து வரும். கண்ணை மட்டும் பாதி மூடியிருப்பாள். மார்க்கெட்டுக்குக் கீரைக்கட்டு கொண்டுபோகும் அக்கா, "பொறவு? பொறவு என்னாச்சு தாயி?" என்று கூடையை மறந்து எழுந்து நிற்பார். நடத்துநர் பின்னாலிருந்து, "செத்த சத்தமாச் சொல்லும்மா, இங்கன கேக்கல்ல" என்பார். தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்தால் இடைவேளை. மீதி சாயங்காலப் பேருந்தில். அந்த இடைவேளையில் பொருளாதார வகுப்பு நடக்கும். எங்களுக்கு ஒரு சொல்லும் ஏறாது.

நான் அவளைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன் என்பதை இப்போது வெட்கமில்லாமல் சொல்வேன். என்னைவிட இரண்டு மாதம் இளையவள், மெலிந்த கழுத்து, காதில் தோடுகூடக் கிடையாது. இவளுக்குள் இத்தனை பேர் எங்கே குடியிருக்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து படுத்தபிறகும் யோசிப்பேன். "படிக்கப் போற பிள்ளைக்கு சினிமாக் கதை என்னத்துக்கு?" என்று அம்மா திட்டுவாள், திட்டிவிட்டு, "சரி, அந்தப் பிள்ளை இன்னைக்கு என்ன சொல்லுச்சு?" என்று பக்கத்தில் வந்து உட்காருவாள்.

ஒரே ஒரு குறை, அவள் சொல்லும் எல்லாப் படத்திலும் மழை பெய்தது. கல்யாண வீட்டிலும் மழை, கோர்ட்டிலும் மழை, பாலைவனத்தில் ஒட்டகத்தின் மேல் போகிறவர்களுக்கும் மழை. வீட்டில் தெலுங்கு பேசும் ராஜலட்சுமி மழையை அவள் வீட்டுப் பேச்சில், "மறுபடி 'வானா' வந்துருச்சுடி, குடையை விரிங்க" என்று கேலி செய்வாள். எஸ்தரும் சிரித்துக்கொள்வாள். ஆனால் மழையை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு என்னை அவள் வீட்டுக்கு அழைத்திருந்தாள். அவளுடைய அப்பா உபதேசியார். பாதிரியார் வராத ஞாயிறுகளில் ஊர்க் கோயிலில் ஆராதனை நடத்துகிறவர். அதிர்ந்து பேசாத மனிதர். எனக்குப் பலகாரத் தட்டை அவரே எடுத்து வந்து கொடுத்தார். சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் பின்கட்டில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தோம். ஆறரை மணி இருக்கும். இரண்டு தோட்டம் தள்ளி ஒரு கீற்றுக் கொட்டகை. ஊர் ஊராகப் போய்ப் போட்டுக் கழித்த பழைய படங்கள் மூன்று நாளைக்கு ஒன்றாக அங்கே வரும். ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு நின்றது, படம் தொடங்கியது. காற்று எங்கள் பக்கமாக வீசியது. வசனம் ஒவ்வொரு சொல்லாகத் துலக்கமாகக் கேட்டது.

எஸ்தர் கண்ணைப் பாதி மூடினாள். பேருந்தில் பார்க்கிற அதே முகம்.

"எப்பமும் இங்கன இருந்துதான் படிப்பேன்" என்றாள். "மூணு நாளும் கேட்டா முழுசாப் பிடிபட்டுரும். ஆளுக எப்படி இருப்பாவன்னு பஸ்ஸுல வரும்போது சொவத்துல போஸ்டரைப் பாத்துக்குவேன்."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "ஏட்டி, அப்ப நீ உள்ள போயிப் பாத்ததே இல்லியா?"

"எங்க வீட்டுல சினிமாவுக்குப் போகக்கூடாது. அப்பாவுக்கு அது சம்மதமில்ல. அவிய கிட்ட நான் கேட்டதும் இல்ல."

யோசித்துப் பார்த்தால், 'பார்த்தேன்' என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. 'எங்க ஊர்ல ஓடுது' என்றுதான் தொடங்குவாள். மிச்சத்தை நாங்களாக நினைத்துக்கொண்டோம். அந்த மாளிகைகள், அந்தப் படிக்கட்டுகள், வைர மூக்குத்தியில் விளக்கு பட்டு மின்னுவது, கதாநாயகனின் கை நடுங்குவது எல்லாம் இந்தத் துவைக்கிற கல்லின்மேல் இருந்து இவள் கட்டியவை என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு புல்லரித்தது. அந்த நேரம் கொட்டகையில் பேச்சு நின்று, தேய்ந்த பிலிமின் 'சடசட' கிளம்பியது. பழைய படச்சுருள் எல்லாவற்றிலும் வருகிற கீறல் சத்தம்.

"மழை வந்துருச்சு பாரு" என்றாள் எஸ்தர், அவ்வளவு சந்தோஷமாக.

அது மழையில்லை என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, பலகாரத்தைக் கடித்துக்கொண்டேன். அவள் படமே பார்த்ததில்லை என்பதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியமும் செய்தேன்.

பொங்கல் கழிந்து அவள் சொன்ன ஒரு படம் எங்களை உலுக்கிவிட்டது. பெரிய வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஏழைப் பெண். கணவன் அவள்மேல் சந்தேகப்படுகிறான். கடைசியில் "வெளியே போ" என்று கத்துகிறான். பிறகு நெடுநேரம் பேச்சே இல்லை, மழை மட்டும். எஸ்தர் நாக்கைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம், கிரீச்... வாசல் கேட் திறக்கிறது. அந்தப் பெண் குடைகூட இல்லாமல் இறங்கி, திரும்பிப் பார்க்காமல், நனைந்துகொண்டே போகிறாள். அவ்வளவுதான், 'வணக்கம்', படம் முடிந்தது. கீரைக்கார அக்கா முந்தானையால் மூக்கைச் சிந்தி, "போனா பாரு, அவ பொம்பள" என்றார். அன்று நாங்கள் ஏழு பேரும் காரணமில்லாமல் நிமிர்ந்து நடந்தோம்.

இரண்டு வாரத்தில் அதே படம் ராஜபாளையத்துப் பெரிய தியேட்டருக்குப் புதுப் பிரதியாக மறுபடி வந்தது. ராஜலட்சுமி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "எங்கண்ணன் பாத்துட்டு வந்தான். அந்தப் படத்துல மழையே இல்லியாம். ஏ எஸ்தரு, நெசமாவே நீ பாத்தியா, இல்ல சும்மா அளக்கியா? சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு எல்லாரும் போவோம். நீயும் வா, பாத்துருவோம்."

எஸ்தரின் முகம் வெளுத்துவிட்டது. வராவிட்டால் பொய்க்காரி, வந்தால் வீட்டுக்குத் துரோகம். தலைவலி என்று நான் ஒரு வார்த்தை சொல்லித் தப்பவைத்திருக்கலாம். நானோ தனியாகக் கூட்டிப்போய், "வாடி, ஒரு தடவை பாத்துரு. அவ வாயை அடைச்சிரலாம்" என்றேன். அவளுக்காகத்தான் சொன்னேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், முதல்முறையாகத் திரையைப் பார்க்கும் எஸ்தரின் முகத்தை எனக்குப் பார்க்கவேண்டியிருந்தது.

பார்த்தேன். விளக்கு அணைந்தது, எஸ்தர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எழுத்துகள் முடிந்து, அந்தப் பெண்ணின் முகம் திரை முழுக்க வந்தது. நெற்றிப் பொட்டு ஒரு வண்டிச் சக்கரம் அளவுக்கு. கண்ணோரத்தில் நீர் திரண்டு உருண்டு இறங்குகிறது. தியேட்டரே மூச்சுக் காட்டாமல் இருந்த அந்த நொடியில் எஸ்தர் எழுந்து நின்றுவிட்டாள்.

"யம்மாடி, எம்புட்டுப் பெருசு மூஞ்சி!"

நாங்கள் உட்கார்ந்திருந்த வரிசை முழுக்கக் கேட்டது. திரையில் மனிதர்கள் மனித அளவில் இருப்பார்கள், கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருவது போல, என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். போஸ்டரைப் பெரிதாகப் போடுவது பேருந்தில் போகிறவர்களுக்குத் தெரிவதற்காக என்று எண்ணியிருந்தாளாம். ராஜலட்சுமி சட்டென்று திரும்பினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எஸ்தருக்கு மட்டும் தான் அகப்பட்டுக்கொண்டதே தெரியவில்லை. திரை வெளிச்சம் அவள் முகத்தில் ஏறி இறங்க, வாய் திறந்தபடி அப்படியே நின்றாள். அதன் பிறகு எத்தனையோ மலை, கடல், கோபுரம் பார்த்திருக்கிறேன். அவள் பார்த்த மாதிரி எதையும் நான் பார்த்ததில்லை.

படத்தில் மழை இல்லை. கடைசிக் காட்சியில் கணவன் "வெளியே போ" என்று கத்தினான். அவள் பேசாமல் அவன் காலில் விழுந்தாள். அவன் தூக்கி நிறுத்தினான். கிரீச்சென்ற சத்தம், வாட்ச்மேன் வாசல் கேட்டை உள்பக்கமாகச் சாத்துகிற சத்தம். வணக்கம். வெளியே வந்தோம், நல்ல வெயில்.

அவள் வீட்டுக்கு இது தெரியாமலே போயிற்று. திங்கட்கிழமை பேருந்தில் வழக்கம்போல இடம் பிடித்து வைத்திருந்தாள். ஆனால் சன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். ராஜலட்சுமி என்ன சொல்லப்போகிறாளோ என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை என்றால் அவள் தலைமுடியைப் பிடிப்பது என்று தயாராக இருந்தேன்.

ராஜலட்சுமி அவளருகில் போய் உட்கார்ந்தாள். "ஏ எஸ்தரு. அந்தப் படம் நல்லால்லடி. நீ சொன்னதுதான் படம். இன்னொரு தடவை சொல்லு. 'வானா'வோட சொல்லு."

கீரைக்கார அக்கா திரும்பினார். நடத்துநர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார். எஸ்தர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தொடங்கினாள். கல்யாணம், மாடிப்படி, சந்தேகம், எல்லாம் வந்தன. குரலும் பழைய குரல்தான். "வெளியே போ" வரை வந்தாள். நாக்கைத் தட்டினாள், சடசட, சடசட. நாங்கள் காத்திருந்தோம். அவள் நிறுத்திவிட்டாள்.

"அவ போக மாட்டேங்கா" என்றாள். "நானும் கேட்டைத் தொறந்து தொறந்து விடுதேன். அந்தப் பெரிய மூஞ்சி வந்து மறைக்கி. கால்லதான் விழுதா."

அதன்பிறகு அவள் படம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அரை மணி நேரப் பயணத்தில் பாடம் படித்தோம். தேர்வில் எல்லோரும் நல்ல மதிப்பெண்கூட வாங்கினோம். என்னால் வந்தது இது என்று அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க எனக்குப் பல வருடம் ஆயிற்று. "போ ஏட்டி, அம்புட்டுப் பெரிய மூஞ்சியைப் பாக்காம நான் செத்துருக்கக்கூடாதுல்லா" என்று சிரித்தாள்.

இப்போது செட்டியார்பட்டிக் கொட்டகை இருந்த இடத்தில் வீடுகள். ராஜபாளையத்துத் தியேட்டர் கல்யாண மண்டபம். படம் என்பது என் மகளின் உள்ளங்கையில் ஓடுகிறது, அதில் எந்த முகமும் கட்டைவிரலைவிடப் பெரிதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைக்காட்சியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். எங்கிருந்தோ தேடிப் பிடித்த தேய்ந்த பிரதி. தூத்துக்குடியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற எஸ்தரைக் கூப்பிட்டேன். அவளும் அதைத்தான் போட்டிருந்தாள். போனைக் காதில் வைத்தபடியே இரண்டு ஊரிலிருந்து சேர்ந்து பார்த்தோம். கடைசிக் காட்சி வந்தது. கணவன் கத்தினான். பேச்சு நின்றது. பழைய பிலிம் சடசடவென்று கீறத் தொடங்கியது.

"ஏட்டி, கண்ணை மூடு" என்றாள் எஸ்தர்.

மூடினேன். நெடுநேரம் மழை பெய்தது. பிறகு கிரீச்சென்று வாசல் கேட்டின் சத்தம். போனின் மறுமுனையில் எஸ்தர் மெதுவாகச் சொன்னாள்:

"போயிட்டா."