இரண்டு பக்கமும் கழித்த இடம்

பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டைத் தெருமுனையில் தோண்டிய குழிக்குள் இரண்டு மழைநீர் வடிகால்கள் எதிரெதிரே வந்து நின்றன. தெருவிலிருந்து வந்தது வேறொரு கம்பெனி கட்டியது. நெடுஞ்சாலை ஓரமாக வந்தது எங்கள் கம்பெனி கட்டியது. நடுவில் ஓர் ஆட்டோவை நிறுத்தும் அளவுக்கு வெறும் மண். புரட்டாசி வெயிலில் இந்தக் கரையில் நானும் எதிர்க்கரையில் அந்தக் கம்பெனி மேடமும் நின்று அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் சீனியர் குவான்டிட்டி சர்வேயர். கட்டிய வேலையை அளந்து, கணக்கெழுதி, பில் ஆக்குவது என் பிழைப்பு. மேடத்துக்கும் அதே பதவிதான். எங்கள் இருவருக்கும் ஆகாது. இரண்டு கம்பெனி எல்லையில் வரும் ஒவ்வொரு வடிகால் தொட்டியும் யாருடையது என்று வாராவாரம் மல்லுக்கட்டுவோம். அவர் டேப்போடு வருவதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கும் அப்படித்தான் இருந்ததாம், பிற்பாடு சொன்னார்.

எங்கள் தொழிலில் ஒரே வேலையை இரண்டு முறை கணக்கில் ஏற்றுவதுதான் பெரும்பாவம். மதிப்பீடு போட்டவர்கள் அந்தப் பயத்தில், இணைப்பு அந்தப் பக்கம் வருகிறது என்று எங்கள் கணக்கில் கழித்திருந்தார்கள். மேடத்தின் கணக்கிலும் அதே பயம், அதே கழிப்பு. ஆக, நடுத்துண்டு யார் கணக்கிலும் இல்லை. கணக்கில் இல்லாததை எந்தக் கம்பெனியும் கட்டாது. கூடுதல் வேலை என்று எழுதிக் கேட்டால், கோப்பு மேலே போய் இறங்கி வருவதற்குள் தை பிறந்துவிடும். ஐப்பசி மழை அதுவரை பொறுக்குமா?

மழை வந்தால் தண்ணீர் யார் வீட்டில் நிற்கும் என்பதும் தெரிந்ததுதான். முனையில் கீழ்வீட்டு அக்கா இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைப்பவர். முந்தைய வருஷம் தண்ணீர் புகுந்து கிரைண்டர் மோட்டார் எரிந்து, மழைக்காலம் முழுக்க அடுப்பெரியப் பாடுபட்டிருக்கிறார். அன்று அவரும் குழியருகே வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ரெண்டு பக்கமும் இம்மாம் பெரிய கால்வா கட்டிக்கினு நடுவுல உட்டுட்டீங்க? தண்ணி இன்னா தாண்டிக் குதிச்சா போவும்?"

மேடம் குழியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, டீ சாப்பிடலாமா என்று கேட்டார். அதுவரை நாங்கள் சேர்ந்து தண்ணீர்கூடக் குடித்ததில்லை. கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சார், இத நீங்க மட்டும் சேர்த்தா உங்க ஆபீஸ் ஒத்துக்காது. நான் மட்டும் சேர்த்தா எங்க ஆபீஸ் ஒத்துக்காது. ரெண்டு பக்கமும் கழிச்சிருக்குன்னு ஒரே தாள்ல எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடலாம்."

அப்படி எழுதினால் அது கூடுதல் வேலை ஆகாது; விட்டுப்போனதைச் சரிசெய்வது. சைட்டில் இருக்கும் அரசு இன்ஜினீயரே உத்தரவு போடலாம். ஆனால் தலைமை ஆபீஸைக் கேட்காமல் எதிர்க் கம்பெனியோடு சேர்ந்து கையெழுத்திட்டால் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள். இதைச் சொன்னேன். "போனா வேற வேலை தேடிக்கலாம் சார். அந்தக்கா எங்க போவாங்க?" என்று சொல்லிக்கொண்டே அவர் தாளை எழுதி முடித்துக் கையெழுத்தைப் போட்டுவிட்டார். அதன் பிறகு நான் எழுந்து போயிருந்தால் என் முகத்தை நானே பார்த்திருக்க முடியாது. பயந்துகொண்டேதான் போட்டேன்.

இன்ஜினீயர் தாளை இரண்டு முறை படித்தார், தலையைச் சொறிந்தார், உத்தரவு போட்டார். நாங்கள் தோண்டினோம், அவர்கள் கான்கிரீட் போட்டார்கள். என் ஆபீஸில் என்னைக் கூப்பிட்டு வறுத்தெடுத்தார்கள், வேலை தப்பியது. மேடத்தை மட்டும் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பாலம் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. தண்டனையா என்று கேட்டதற்கு, "எங்கம்மா வீடு அங்கதான் சார். இவ்வளவு நாள் நானா கேட்டும் கிடைக்காதது" என்று சிரித்தார்.

முதல் பெருமழையன்று மேடம் போன் செய்து, தண்ணீர் போகிறதா என்று கேட்டார். நான் அந்தத் தெருமுனையில்தான் நின்றிருந்தேன். மூடிக்குக் கீழே தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. யார் பேசுகிறார்கள் என்று கேட்ட அக்கா, தலையில் பிளாஸ்டிக் கவரோடு ஓடிவந்து போனை வாங்கிக்கொண்டார். "மேடம், ஊட்டுக்குள்ள ஒரு சொட்டு இல்ல. மாவு அரைச்சிக்கினு கீறேன்."

இன்றும் பூந்தமல்லிப் பக்கம் மழை என்று டிவியில் சொன்னால் போதும், கோவையிலிருந்து போன் வந்துவிடும். முன்பெல்லாம் நான் போய்ப் பார்த்துச் சொல்வேன். இந்த ஐப்பசியில் நான் கிளம்பும் முன்பே அக்காவே மேடத்துக்குச் சொல்லிவிட்டார். மேடம் எனக்குப் போன் செய்தது, நீங்கள் நனையாமல் வீட்டிலேயே இருங்கள் சார் என்று சொல்லத்தான்.