நூற்றெண்பதில் நிற்காத முள்

பாளையங்கோட்டை வீட்டுக்கு ஓவன் வந்ததிலிருந்து எனக்கு ஒரே குடைச்சல். எந்தக் கேக் குறிப்பைப் பார்த்தாலும் நூற்றெண்பது டிகிரி என்றே இருந்தது. நூற்று எழுபத்தேழு என்று ஒருவராவது எழுதக் கூடாதா? பொறுக்க முடியாமல் ஒரு வெப்பமானி வாங்கி ஓவனுக்குள் தொங்கவிட்டு, கண்ணாடிக் கதவின் முன் உட்கார்ந்தேன். குமிழை நூற்றெண்பதில்தான் வைத்திருந்தேன். முள்ளோ நூற்றுத் தொண்ணூறைத் தாண்டி ஏறியது. சூடு தானாக அணைந்ததும் நூற்று எழுபதுக்குக் கீழே இறங்கி, மறுபடி ஏறியது. நூற்றெண்பதில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

“சுத்தப் பொய்!” என்று கத்தினேன்.

மாவு கலக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிரக்கூட இல்லை.

“ஆத்துல குளிச்சிட்டு எட்டு மணிக்கு வாரேன்னு சொல்லிட்டுப் போறியளே, என்னைக்காவது சரியா எட்டுக்கு வந்திருக்கியளா? இருந்தும் அதை வச்சுத்தான நான் தோசைக்கல்லை அடுப்புல போடுதேன்?”