ரோகோஸ் ஏரியில் மாப்பிள்ளைப் பூ

அக்ரபேனா யாரையும் நம்புகிறவள் இல்லை. முட்டையை எண்ணி வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்புவாள். திரும்பி வந்ததும் தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல் மறுபடி எண்ணுவாள். மீன் எடை போடுகிறவன் தராசைத் தொட்டால் அவன் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்றுதான் அவள் கண் போகும். பாதிரியார் பிரசங்கத்தைச் சுருக்கினால்கூட, சாமியாருக்கு யார் வீட்டில் விருந்தோ என்று யோசிப்பாள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு ஆளை மட்டும் முப்பத்திரண்டு வருஷமாகச் சந்தேகப்படாமல் விட்டுவைத்திருந்தாள். அது அவள் புருஷன் லாரியோன். காரணம் கேட்டால், "பொய் சொல்ற அளவுக்கு அந்த ஆளுக்கு மூளை ஏது?" என்பாள்.

கோடையில் வருகிற பேதுரு நோன்பின் இரண்டாவது வாரம் அந்த நம்பிக்கையும் போயிற்று.

அன்று மதியம் லாரியோனின் வலையை வேலியில் விரித்துப்போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். டான்யூப் ஆறு கடலுக்குள் போகும் முன் ஆயிரம் வாய்க்காலாகப் பிரிகிற இந்தப் பக்கத்தில், மீன் பிடிப்பது ஆம்பிளை வேலை. வலையில் சிக்கிய கத்தரிப் பூண்டைப் பிய்த்து எடுப்பது பொம்பிளை வேலை. பாழாய்ப்போன பூண்டு அது. குளிர்காலம் முழுக்க ஏரிக்கு அடியில் கிடக்கும். வெயில் ஏறியதும் தானாக மிதந்து மேலே வந்து, தாழை மாதிரி முள் ஓரம் வைத்த இலையை நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு பூக்கும். பூ என்னவோ வெள்ளை வெளேரென்று மூன்று இதழோடு அழகாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மயங்கிக் கையை நீட்டினால் ரத்தம் வரும்.

அக்ரபேனாவின் விரல் சட்டென்று நின்றது. கண்ணியில் ஒரு பூ உறை மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றல்ல, நாலு பூ.

இந்த ஊர் ரோகோஸ் ஏரியில் கத்தரிப் பூண்டுக்கு ஒரு உறையில் ஒரு பூதான். இத்தனை வருஷத்தில் அவள் வேறு பார்த்ததே இல்லை. ஒரு உறையில் மூன்று, நாலு என்று கூட்டமாகப் பூப்பது லுங்கா ஏரியில். அவள் பிறந்து வளர்ந்த ஊர் அது. படகைத் தள்ளிக்கொண்டு போனால் இரண்டு மணி நேரம். அந்த ஊர்ப் பெண்கள் ஒற்றைப் பூவை மணப்பெண் என்பார்கள், கூட்டப் பூவை மாப்பிள்ளை என்பார்கள். லுங்காவில் மாப்பிள்ளைகள் மட்டும். ரோகோஸில் மணப்பெண்கள் மட்டும். நடுவில் இருக்கிற நாணல் காட்டைத் தாண்டி எதுவும் எதனோடும் சேர்வதில்லை. ரோகோஸ் பூண்டு காய்க்காமலேயே பக்கத்தில் கன்று விட்டு ஏரி முழுக்கப் பரவியிருந்தது.

லாரியோன் திண்ணையில் உட்கார்ந்து மீன் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"யோவ், இன்னிக்கு எங்க வலை போட்ட?"

"எங்க போடுவேன்? ரோகோஸ்லதான். நாணல் முனையில."

"விடியக்காலையில இருந்து அங்கயேவா?"

"ஏன், படகுக்கு றெக்கை கட்டிப் பறந்துட்டு வந்தேன்னு நெனச்சியா?"

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியைப் பார்த்தான். அக்ரபேனா அந்தப் பூவை தலைத்துணி நுனியில் முடிந்துகொண்டாள்.

லுங்காவில் சினோவியா இருக்கிறாள். லாரியோன் வாலிபத்தில் முதலில் பெண் கேட்டது அவளைத்தான், அக்ரபேனாவை அல்ல. சினோவியாவின் புருஷன் போன ஈஸ்டருக்கு முன்னால் செத்துப்போனான். சாவுக்குப் போய்விட்டு வந்த லாரியோன், "பாவம், தனியா இருக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னான். அன்றைக்கு அது பெரிதாகப் படவில்லை. இப்போது அந்த ஒரு வார்த்தை ஊசி மாதிரி ஏறியது.

அதன் பிறகு பார்க்கிற இடமெல்லாம் தடயம். ஊறுகாய் ஜாடியில் ஒன்று குறைந்தது. ஆணி டப்பா பாதி காலி. லாரியோனின் தாடியில் காய்ந்த நாணல் தூசி. மீன் பிடிக்கப் போனவனுக்கு அது எப்படி வரும்? பிடித்து வருகிற மீனோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போயிற்று. கோயில் வாசலில் அவள் வந்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று அவளுக்கு உள்ளே கொதித்தது.

பக்கத்து வீட்டு உஸ்தீனியாவைக் கிணற்றடியில் மடக்கினாள்.

"ஏண்டி, லுங்காவுல என்ன விசேஷம்?"

"லுங்காவுலயா? எனக்கென்னக்கா தெரியும்?"

"உன் தம்பி அங்கதான இருக்கான்? அங்க ஒருத்தன் தும்மினா இங்க நீ சொல்லுவ. இப்ப மட்டும் வாயில கொழுக்கட்டையா?"

"அக்கா, அடுப்புல பால் வெச்சுட்டு வந்தேன்" என்று உஸ்தீனியா நழுவினாள்.

"நோன்புல பாலா?" என்று அக்ரபேனா கத்தினாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்குள் வந்தவள் வெறுமனே ஜன்னல் முன்னால் நின்றாள். பழைய முறைக் கிறிஸ்தவர்களான எங்கள் ஆட்கள் வீட்டில் எல்லாம், எங்கள் மதத்தைச் சேராதவர்களுக்கென்று ஒரு குவளை தனியாக ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருக்கும். இவள் வீட்டில் நாலு வருஷமாக அந்த இடம் காலி. மகன் நசார் பட்டணத்தில் வேற்று மதத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தபோது, சன்சியானா என்ற அந்தப் பெண்ணுக்கு அக்ரபேனா பச்சை விளிம்பு வைத்த எனாமல் குவளையைக் கொடுத்தாள். பதினோரு நாள் அந்தப் பெண் அதிலேயே குடித்தாள், அதைத் தானே கழுவி ஜன்னலோரம் கவிழ்த்தாள். பன்னிரண்டாம் நாள் நசார் மூட்டையைக் கட்டினான். "அந்தக் குவளையையும் எடுத்துட்டுப் போங்க. இங்க அதுல குடிக்க யாரும் இல்ல" என்று அக்ரபேனாதான் பின்னாலேயே போய்ச் சொன்னாள். அதற்குப் பிறகு மகனிடமிருந்து ஒரு கடுதாசிகூட இல்லை. இனி புருஷனும் போய்விட்டால் அந்த வீட்டில் அவளும் முட்டையும்தான். அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு ஆள் இல்லை.

வியாழக்கிழமை லாரியோன் கிளம்பிய அரை மணிக்கெல்லாம் உஸ்தீனியாவின் படகை அவிழ்த்தாள். அவளைக் கேட்கவில்லை.

வாய்க்காலில் கழியை ஊன்றித் தள்ளித் தள்ளிப் போனாள். இரு பக்கமும் ஒற்றைப் பூ, ஒற்றைப் பூ, ஒற்றைப் பூ. நாணல் காடு நெருக்கி வந்தது. கொஞ்ச தூரம் பூண்டே இல்லை, கறுத்த தண்ணீர் மட்டும். பிறகு லுங்கா திறந்தது. தண்ணீர் தெரியாமல் வெள்ளையாக, கூட்டம் கூட்டமாக மாப்பிள்ளைகள். சின்ன வயதில் பார்த்ததுதான். ஆனால் அன்றைக்கு அவை எல்லாம் சேர்ந்து தன்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

சினோவியாவின் வீட்டுப் படித்துறையில் லாரியோனின் படகு இல்லை. சினோவியா ஒற்றையாக உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அக்ரபேனாவைக் கண்டதும் வாயில் கையை வைத்தாள். பிறகு கரையின் கோடியைக் கை காட்டினாள்.

கோடியில் இருப்பது அக்ரபேனாவின் அப்பா வீடு. அவர் போன பிறகு ஒன்பது வருஷமாகப் பூட்டிக் கிடப்பது. இப்போது அதன் ஜன்னலுக்குப் புதிதாக நீலம் அடித்திருந்தது. புகைக்கூண்டில் புகை. கூரைமேல் லாரியோன் புது நாணல் கட்டைத் தட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். முற்றத்துக் கயிற்றில் ஒரு பெண்ணின் பாவாடை காய்ந்தது.

"அட கேடு கெட்டவனே!" என்று படகிலிருந்தே கத்தினாள். "என் அப்பன் வீட்லயேவா? எவடி அவ? வெளிய வாடி!"

லாரியோனின் கையிலிருந்த தட்டுப் பலகை கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுத்தவன் ஏணியடியில் நின்றிருந்த நசார். தாடி வைத்திருந்தான், மெலிந்திருந்தான். கதவைத் திறந்துகொண்டு மாவுக் கையோடு வந்து நின்றது சன்சியானா.

படகிலிருந்து இறங்கிய அக்ரபேனா அப்படியே படித்துறைப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மார்ச்லயே வந்துட்டாங்க" என்றான் லாரியோன் கூரையிலிருந்து. "பட்டணத்துல தொழிற்சாலையை மூடிட்டான். கூரை ஒழுகிச்சு. அதான்..."

"என்கிட்ட சொன்னா என்னய்யா?"

"சொன்னா நீ என்ன சொல்லுவன்னு தெரியும்ல."

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "தண்ணி" என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

சன்சியானா உள்ளே போனாள். கொண்டுவந்து நீட்டியது பச்சை விளிம்பு வைத்த எனாமல் குவளை. விளிம்பில் ஒரு இடத்தில் பூச்சு உதிர்ந்திருந்தது.

அக்ரபேனா குவளையைப் பார்த்தாள், பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். குத்திக் காட்டுகிறாளா? நாலு வருஷம் பத்திரமாக வைத்திருந்து இன்றைக்குப் பழி தீர்க்கிறாளா?

"என்னடி, வேணும்னே இதுல கொண்டுவந்தியா?"

"இல்ல அத்தை" என்றாள் சன்சியானா. அவள் கழுத்து சிவந்தது. "வீட்ல ரெண்டே குவளைதான். ஒண்ணுல அவர் குடிக்கிறாரு. ஒண்ணு என்னுது, நீங்க குடுத்தது. நீங்க அதுல குடிக்க மாட்டீங்கதான்... இருங்க, அவரோடதைக் கழுவிட்டு வரேன்."

திரும்பப் போனவளின் கையை அக்ரபேனா பிடித்தாள். வேற்றார் குவளையில் வாய் வைத்தால் பாதிரியார் நாற்பது நாள் மண்டியிட்டு வணங்கச் சொல்வார், ஊரே கூடிப் பேசும். அவள் குவளையை வாங்கி, பூச்சு உதிர்ந்த பக்கத்திலேயே வாய் வைத்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கண்ணீர் மூக்கில் இறங்கி உதட்டில் உப்புக் கரித்தது.

"பாசி வாடை அடிக்குது. கிணத்தைத் தூர் வாரலயா?" என்றாள்.

பிறகு குவளையோடு எழுந்து வீட்டுக்குள் போனாள். சன்சியானாவின் குவளைக்கு ஜன்னலோரம்தான் இடம் இருந்தது. நாலு வருஷப் பழக்கத்தில் அந்தப் பெண் தன் வீட்டிலும் அதை அங்கேதான் கவிழ்த்து வைத்திருந்தாள். தண்ணீர் வட்டம் பலகையில் தெரிந்தது. அக்ரபேனா அந்த வட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அப்பாவின் பழைய அலமாரியைத் திறந்து, நசாரின் குவளையை ஒட்டிப் பச்சைக் குவளையை வைத்துக் கதவைச் சாத்தினாள்.

வெளியே வந்து தலைத்துணி நுனி முடிச்சை அவிழ்த்தாள். நாலு பூவும் வாடிக் கறுத்திருந்தன. கூரையைப் பார்த்து வீசினாள்.

"யோவ்! மாப்பிள்ளைப் பூவை வலையில வெச்சுட்டு வர்றவனுக்கு ரகசியம் ஒரு கேடா? கீழ இறங்கு. வடக்கு ஓரம் கோணலா போகுது, என் அப்பன் பார்த்தா உதைப்பாரு."