குப்பத்துப் பள்ளியில் என் புரொபேஷன்

டிரெய்னிங் முடித்து ஆர்டர் வாங்கிவிட்டால் வேலை கிடைத்துவிட்டது என்று நினைப்பவர்கள் ஐம்பதுகளில் ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். வேலை கிடைக்கும். ஆனால் அது நம்முடையது ஆகாது. மூன்று வருஷத்துக்குள் இரண்டு வருஷம் முழுதாக வேலை பார்த்திருக்க வேண்டும். சம்பளமில்லாத லீவு அந்தக் கணக்கில் சேராது. கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்து, பாடம் நடத்துவதைப் பார்த்து, பிள்ளைகளைக் கேள்வி கேட்டு, ‘திருப்திகரம்’ என்று எழுத வேண்டும். எழுதினால் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் ஒற்றை வரியில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இதற்குப் பெயர் புரொபேஷன். மாமியார் வீட்டில் புது மருமகள் இருக்கிற இருப்புத்தான். என்ன, இங்கே மாமியார் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார்.

என்னைப் போட்டது புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். பஸ்ஸை விட்டு இறங்கினால் சவுக்குத் தோப்புக்குள் மணலில் நடை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். தங்கியது புதுப்பட்டினம் கடைத்தெருவில், மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பாய் வீட்டின் பின்கட்டு அறையில். பாய் வீட்டம்மா என் சமையலை ஒரு தடவை ருசி பார்த்தார். அன்றிலிருந்து அவரே குழம்பு கொடுத்தனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் வீடு செங்கல்பட்டுக்கு மேற்கே ஒரு கிராமத்தில், ஏரிப் பாசன நிலம். அப்பா என்னைப் படிக்க வைத்ததே ஒரு ஒப்பந்தத்தின் பேரில். வேலை நிரந்தரமானால் நான் சொல்வதை அவர் கேட்பார். ஆகாவிட்டால் அவர் சொல்வதை நான் கேட்டு, தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். மாமா நல்ல மனிதர். கோபமே வராது. ஆனால் எருவைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. ‘திருப்திகரம்’ என்ற அந்த ஒரு சொல்லுக்கு இந்தப் பக்கம் மாமாவும் அந்தப் பக்கம் நானும் நின்றுகொண்டிருந்தோம்.

பள்ளிக்கூடம் ஒரு நீளமான கீற்றுக் கொட்டகை. ஆசிரியர்கள் இரண்டே பேர், ஹெட்மாஸ்டரும் நானும். ஹெட்மாஸ்டர் பயந்த சுபாவம். பயத்தைத் தனியாக வைத்துக்கொள்ள மாட்டார், எனக்கும் பங்கு கொடுப்பார். நான் சிரித்தால், “புரொபேஷன்ல கீற, நெனப்பு இருக்கட்டும்மா” என்பார். குடை பிடித்துக்கொண்டு வந்தாலும் அதே வசனம். தும்மினால்கூடச் சொல்லியிருப்பார். எனக்கு முன்னால் இருந்தவர்களைப் பற்றிக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் பெருமையாகச் சொன்னார். இந்தக் கொட்டகைக்கு வந்த எல்லோருமே புரொபேஷனில் பாஸாகி, பாஸான சூட்டோடு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு டவுன் பக்கம் போய்விட்டார்களாம். ஒருவர் ஆர்டர் வந்த மறுநாளே டிரங்குப் பெட்டியோடு கிளம்பிவிட்டாராம். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு டவுனில் ஒரு பள்ளிக்கூடம், ஓட்டுக் கூரை, மின்விசிறி. மணலில் கால் புதையப் புதைய நடக்கும்போதெல்லாம் அந்த விசிறி என் தலைக்கு மேல் சுற்றும்.

முதல் மூன்று வகுப்பும் என் பொறுப்பு. பிள்ளைகள் வாலில்லாக் குரங்குகள். கரைவலை இழுக்கிற சத்தம் கேட்டால் பாதி வகுப்பு காணாமல் போகும். கத்திப் பார்த்தேன், பலிக்கவில்லை. அப்புறம் நானே அவர்களோடு கரைக்குப் போய், மீனை எண்ணச் சொல்லி, பங்கு போடச் சொல்லிக் கணக்கை அங்கேயே நடத்தினேன். வகுத்தல் கணக்கில் அந்தப் பிள்ளைகளை ஜெயிக்க டவுனில்கூட ஆள் இருந்திருக்காது. ஹெட்மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். குப்பத்துப் பெண்களுக்கு மட்டும் அது ரொம்பப் பிடித்துவிட்டது. அவர்களில் ஒருத்தி எனக்கு நல்ல சிநேகிதி ஆனாள். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா. புதுப்பட்டினம் சந்தையில் மீன் விற்பவள். அவள் குசலம் விசாரித்தால் சண்டை பிடிப்பது போல இருக்கும். “இன்னா டீச்சரம்மா, துன்னியா? மூஞ்சி ஏன் இப்பிடி கீது?” என்று தோப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்பாள்.

கடைசி இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. அன்று காலை பாய் வீட்டம்மா சேமியா கொடுத்து, “நான் துவா செஞ்சுகினே இருப்பேன், நீ தெகிரியமா போம்மா” என்றார். கொட்டகைக்குப் போனால் ஆச்சரியம். ஒரு பிள்ளைகூட லீவு இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்து, துவைத்த துணி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கண் கலங்கிப் போனேன். எனக்காகத்தான் இதெல்லாம் என்று நினைத்தேன். நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை.

இன்ஸ்பெக்டர் கோட்டும் தலைப்பாகையுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் வாசிக்கச் சொன்னார். எழுந்த பிள்ளை புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த பிள்ளையும் அப்படியே. வாய்ப்பாடு கேட்டார். “தெரியாது சார்.” பாட்டுப் பாடச் சொன்னார். நாளெல்லாம் பாடிக்கொண்டே திரிகிற வாய்கள் அத்தனையும் இறுக மூடிக்கொண்டன. என் சிநேகிதியின் மகள், கேள்வி முடிவதற்குள் விடை சொல்கிறவள், கூரையில் கீற்றை எண்ணிக்கொண்டிருந்தாள். மாமா எருவண்டியோடு வாசலில் வந்து நிற்பது போல எனக்குத் தோன்றியது.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாரோ என்னவோ, சுலபமாக ஒன்று கேட்டார். “ஒரு கூடையில நாப்பது மீன் இருக்கு. எட்டுப் பேருக்குச் சமமாப் பங்கு போட்டா ஆளுக்கு எத்தனை?”

“ஒண்ணு சார்” என்றான் ஒருவன்.

“அப்போ மீதி?”

“பூனை துன்னுட்ச்சு சார்.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவரோ ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பி, “குப்பத்துப் பிள்ளைக்கு மீன் பங்கு போடத் தெரியாதா? இதுல என்னமோ இருக்குய்யா” என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். வெளியே வேலிக்குப் பின்னால் குப்பத்துப் பெண்கள் கும்பலாக நின்று ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் மீன் கூடையோடு என் சிநேகிதி. நானும் ஹெட்மாஸ்டரும் பின்னாலேயே ஓடினோம்.

“என்னம்மா, பிள்ளைங்க ஒண்ணுமே படிக்கலையா?” என்று அவளிடம் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அவள் தயங்கவே இல்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். “நைனா, ஒன்னியும் தெரில அதுங்களுக்கு. இந்த டீச்சரம்மாவ பெயிலாக்கிடு சாமி. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

என் கையால் எத்தனை தடவை டீ வாங்கிக் குடித்தவள்! வந்த கோபத்தில் புரொபேஷனாவது ஒன்றாவது என்று அவள் கூடையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அதற்குள் இன்ஸ்பெக்டர், “ஏம்மா, அந்த அம்மா மேல உனக்கு என்ன கோவம்?” என்று கேட்டுவிட்டார்.

“கோவமா? இவங்க மேலயா?” அவளுக்குக் குரல் ஏறியது. “வந்த வாத்தியாருங்க எல்லாம் பாஸானாங்க, பொட்டியத் தூக்கிகினு போயிட்டாங்க. ஒருத்தர் தங்குல. இவங்களும் பாஸானா போயிடுவாங்க. பெயிலானா இங்கயேதான கெடக்கணும்? அதான் புள்ளைங்க கைல சொல்லி வெச்சோம், வாயத் தொறக்காதீங்கன்னு.”

“பெயிலானா இங்கே இருக்க முடியாதும்மா. வேலையே போயிடும். வீட்டுக்கு அனுப்பிடுவோம்.”

அவள் அவரை நம்பாமல் பார்த்தாள். “இன்னா நைனா இது? புள்ளைங்க பெயிலானா அதே கிளாசுலதான வெக்கிறீங்க? வாத்தியாருக்கு மட்டும் இன்னா வேற சட்டம்?”

இன்ஸ்பெக்டர் சிரிக்க ஆரம்பித்தார். தலைப்பாகை ஒரு பக்கமாகச் சரிகிற அளவுக்குச் சிரித்தார். அதற்குள் விஷயம் அவளுக்கு உறைத்துவிட்டது. “ஐயய்யோ, வேலை போயிடுமா?” என்று வயிற்றில் அடித்துக்கொண்டு கொட்டகையைப் பார்த்து ஓடினாள். மற்ற பெண்களும் பின்னால் ஓடினார்கள். “டேய், சொல்லுங்கடா! எல்லாத்தையும் சொல்லுங்கடா!” என்று உள்ளே ஒரே கூச்சல்.

ஹெட்மாஸ்டர் மட்டும் கையைப் பிசைந்தார். “சார், ஒரு தடவ பாத்துட்டா அவ்ளோதானே சார் ரூலு?”

“ரூல்ல ஒரு நாள் பாக்கணும்னுதான் இருக்கு. இன்னும் பொழுது இருக்குய்யா” என்று இன்ஸ்பெக்டர் மறுபடியும் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதன் பிறகு நடந்ததை நிறுத்தத்தான் ஆளில்லை. கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே விடை வந்தது. வாய்ப்பாட்டை ஒரு மூலையில் சொல்ல, இன்னொரு மூலையில் பாட்டு. கூரை எண்ணியவள் புத்தகத்தை எடுத்து நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனாள், அவள் அம்மாவே வந்து உட்கார வைக்கும்வரை. நாற்பது மீனையும் ஆளுக்கு ஐந்தாகப் பங்கு போட்டு, வலைக்குச் சொந்தக்காரனுக்குச் சேர வேண்டிய தனிப் பங்கு கணக்கில் விட்டுப் போனதைச் சொல்லி இன்ஸ்பெக்டரையே மடக்கினார்கள். நான் கரும்பலகையில் சாய்ந்து நின்றேன். அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை இப்போது நினைத்தாலும் நெஞ்சு லேசாகிறது.

சில வாரம் கழித்து ஆர்டர் வந்தது. திருப்திகரம். வேலை நிரந்தரம். பாய் வீட்டம்மா கடையில் இருந்த சர்க்கரையை எடுத்துத் தெருவெல்லாம் கொடுத்தார். ஊருக்குப் போய்ச் சொன்னபோது அப்பாவைவிட மாமாவுக்குத்தான் சந்தோஷம். “தப்பிச்சோம்” என்று என் காதோடு சொன்னார். அவருக்கும் என்னைக் கட்டிக்கொள்வதில் இஷ்டமில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவரிடம் முதன்முறையாக மனம் விட்டுச் சிரித்துப் பேசினேன்.

குப்பத்தில் என் சிநேகிதி தோப்பு முனையிலேயே நின்றிருந்தாள். “பாஸா?” என்றாள்.

“பாஸு.”

அவளுக்கு முகம் மலர்ந்தது. பிறகு சட்டென்று வாடியது. “நல்லா இரு தாயி. எப்போ போற?”

“போகணும்னு சட்டம் இல்ல. நானா மாத்தல் கேட்டாத்தான் மாத்துவாங்க.”

“கேப்பியா?”

இன்ஸ்பெக்டர்கூட அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு வருஷமாக என் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைத் தேடிப் பார்த்தேன். வியர்த்துக்கொண்டிருந்தது, ஆனாலும் அது வேண்டுமென்று தோன்றவில்லை. அது எனக்கே புதுச் செய்தி.

“கேக்க மாட்டேன்” என்றேன்.

“சத்தியமா?”

அவள் நீட்டிய கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என்னைப் பெயிலாக்கச் சொல்லி இன்ஸ்பெக்டரைக் கும்பிட்டபோதுகூட அழாதவள், கூடையை இறக்கி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.