சக்கரை எங்கே?

போன ஞாயிறு வெண்ணந்தூரில் எங்கள் வீட்டைப் பார்க்க எருமப்பட்டியிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பையனுக்குப் பெண் தேடி அலைந்ததில் என் செருப்பு தேய்ந்து, மானமும் பாதி தேய்ந்துவிட்டது. இந்த இடமாவது அமைய வேண்டுமே!

நான் பழைய தொடர்கதைகளை விடாமல் படிக்கிற ஆசாமி. அந்தக் கதைகளில் பெண் காபித் தட்டோடு வருவாள், தலை நிமிராது, கால் கட்டைவிரல் தரையில் கோலம் போடும். வந்த பெண்ணோ அப்பாவின் லாரி ஆபீஸை நடத்துகிறவள். எல்லாரையும் நேராகப் பார்த்தாள். தலை குனிந்து உட்கார்ந்திருந்தது... என் மகன்தான்!

அவள் அப்பா கிணற்றையும் தென்னையையும் எட்டிப் பார்த்தார். அவள் அதோடு விடவில்லை.

"ஊடு பாக்கறதுன்னா சமையல்கட்டையும் பாக்கோணுமுங்க மாமா. உங்கூட்டு ஆம்பளைங்க அடுப்புப் பக்கம் வருவீங்களா?"

சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"என்னங்க கண்ணு இப்படிக் கேட்டுட்டீங்க? காலைல காபியே நான்தானுங்க!"

என் மனைவிக்குப் புரையேறியது.

"அப்ப ஒரு டம்ளர் போட்டுக் கொண்டாங்க மாமா. ஓட்டிப் பாக்காம நாங்க வண்டி வாங்கறதில்லீங்க."

மாட்டினேன். என் கதாநாயகர்கள் கடல் தாண்டுவார்கள், சிறைக்குப் போவார்கள் — சமையலறைக்கு மட்டும் ஒருத்தரும் போனதில்லை. போயிருந்தால் எனக்கும் வழி தெரிந்திருக்குமே! அடுப்பில் பாலை வைத்துவிட்டு டப்பா டப்பாவாகத் திறந்தேன். ரவை. மல்லித்தூள். மறுபடியும் அதே ரவை.

"ஏம்புள்ள... சக்கரை எங்க?"

மனைவியைக் கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது, என் குரல் கூடம் வரை கேட்டிருக்கும். போச்சு... சம்பந்தமும் போச்சு!

"ரெண்டாவது தட்டுல, மூடி நசுங்குன டப்பாங்கப்பா," என்று கூடத்திலிருந்து ஒரு குரல். என் மகன்! "காபித்தூளு ஃப்ரிட்ஜுல இருக்குதுங்க. பால் பொங்கிரும், சிம்முல வைங்க."

அதற்குள் பொங்கிவிட்டது. வழிந்தது போக மிச்சம் இருந்த பாலோடு வெளியே வந்தேன். அந்தப் பெண் அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"மாமா தேற மாட்டாருங்கம்மா. பையன் தேறிட்டாருங்க. எனக்குச் சம்மதம்."

அவர்கள் கிளம்பியதும் மனைவியிடம் கேட்டேன். "இவன் இதையெல்லாம் எப்பப் புள்ள கத்துக்கிட்டான்?"

"நீங்க கதை படிச்சுட்டு இருந்தப்பத்தானுங்க!"

ஆக... இந்தக் கல்யாணத்துக்கு நானும் ஒரு காரணம்தானே!